பத்தாண்டு கழித்துத் திறக்கும் சுவர்

மர வீடு கட்டும் தச்சருக்கு ஒரு பெரிய குறை உண்டு. தன் தவற்றை அவர் பார்ப்பதே இல்லை. தையற்காரரின் அளவுப் பிழை சட்டையைப் போட்டுப் பார்க்கும்போதே தெரிந்துவிடும். சமையற்காரரின் உப்புப் பிழை முதல் கவளத்தில் தெரியும். சன்னலின் தலைக்கு மேல் ஒரு தகடு வைக்கத் தவறிய தச்சரின் பிழையோ அன்று தெரியாது, அந்த வருடமும் தெரியாது. ஒவ்வொரு மழைக்கும் ஒரு கரண்டித் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். பிளைவுட் நனையும், உலரும், மறுபடி நனையும். ஏழெட்டு வருடம் கழித்து ஒருநாள் வெளிப்பூச்சை உடைத்துப் பார்த்தால் உள்ளே இருந்த சட்டம் ஊறிய ரொட்டியாக உதிரும். அதற்குள் அந்தத் தச்சர் அதே முறையில் இன்னும் நூறு சன்னல்களைப் பொருத்தி முடித்திருப்பார். நூறையும் நன்றாகச் செய்ததாகவே நினைத்திருப்பார். சுவரைத் திறப்பவர் வேறொருவர், பழுது பார்க்க வந்தவர். பிழையைச் செய்த கைக்கும் பிழையைக் கண்ட கண்ணுக்கும் இடையே பத்து வருடமும் சில நூறு மைல்களும் கிடக்கின்றன. இந்த இருவரையும் சந்திக்க வைத்த இடம் தச்சருக்கும் கட்டுநருக்குமான தொழில் பத்திரிகை. வேலை கற்றுத் தந்ததை அதன் முதல் பயனாகச் சொல்வது வழக்கம். தொழிலின் பிழைகளுக்கு அது ஒரு நினைவைக் கொடுத்ததே அதைவிடப் பெரிது என்பது இக்கட்டுரையின் வாதம்.

வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு வேறு திசையில் போகும். தொழில் ரகசியங்கள் குருவிடமிருந்து சீடனுக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்தன, அச்சு வந்து அந்தப் பூட்டை உடைத்தது என்பது அந்தக் கதை. அதற்குச் சான்றுகளும் உண்டு. லண்டனில் அச்சுக்காரராகவும் உலக உருண்டைகள் செய்பவராகவும் இருந்த ஜோசப் மாக்ஸன் 1677-78இல் ‘மெக்கானிக் எக்சர்சைஸஸ்’ என்ற வெளியீட்டைப் பகுதி பகுதியாக விற்கத் தொடங்கினார். முதலில் கொல்லர் வேலை, பிறகு இழைப்பு வேலை, வீட்டுத் தச்சு, கடைசல் என்று ஒவ்வொரு தொழிலாக எடுத்து, கருவிகளைப் படம் போட்டுப் பெயர் சொல்லி விளக்கினார். ஒரு தொழிலைத் தவணை இதழாக விளக்கும் முயற்சியில் ஆங்கிலத்தில் இதுவே முன்னோடி. அடுத்த நூற்றாண்டில் ஸ்காட்லாந்தில் 1765இல் பிறந்து, மரவேலைக்காரராக வாழ்க்கையைத் தொடங்கிய பீட்டர் நிக்கல்சன் 1792இல் ‘கார்ப்பென்டர்ஸ் நியூ கைடு’ என்ற நூலை வெளியிட்டார். சுழல் படிக்கட்டின் கைப்பிடியை ஒரே மரத்துண்டிலிருந்து முறுக்கி எடுக்கும் வடிவியல் அன்று ஒரு சிலரின் கைச்சொத்து. நிக்கல்சன் அதைக் கோடுகளாக வரைந்து எல்லார் முன்னும் வைத்தார்.

இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் இந்தக் கதை பாதிதான். மாக்ஸன் காலத்துத் தச்சருக்கும் அவருடைய தாத்தாவுக்கும் ஒரே பொருள்கள்: ஓக் மரம், பைன் மரம், சுண்ணாம்பு, கையால் அடித்த ஆணி. பொருள் மாறாத தொழிலில் பிழையின் நினைவு ஊரிலேயே இருக்கும். தாத்தா கட்டிய கூரை எங்கே ஒழுகியது என்பதைப் பேரன் நேரில் பார்ப்பான். ஒழுகாத விதத்தில் கட்டக் கற்பான். அங்கே புத்தகம் கூடுதலாகக் கொடுத்தது வடிவியல் மட்டுமே. பொருளும் முறையும் ஒரு மனிதனின் உழைக்கும் காலத்துக்குள்ளேயே மாறத் தொடங்கியபோதுதான் குருகுலம் தடுமாறியது. பழக்கம் ஒரு பொருளுக்காக உருவானது. கைக்கு வந்திருப்பது வேறு பொருள். அப்போது முப்பது வருட அனுபவமே ஆளைத் தவறான வழியில் கூட்டிப்போகும்.

இந்த மாற்றம் முதலில் கண்ணுக்குத் தெரிந்த இடம் அமெரிக்கா. 1830களில் சிகாகோவில் மெல்லிய சட்டங்களை நெருக்கமாக நிறுத்தி இயந்திர ஆணிகளால் அடித்துக் கட்டும் முறை பரவியது. பழைய முறையில் பெரிய உத்தரங்களைத் துளையும் நாக்குமாகச் செதுக்கிப் பூட்ட வேண்டும். அதற்குத் தேர்ந்த ஆசாரி வேண்டும். புதிய முறைக்கு ரம்பமும் சுத்தியலும் ஓரளவு கணக்கும் போதும். மேற்கே நகர்ந்துகொண்டிருந்த தச்சர்களுக்கு அருகில் குருவும் இல்லை, பார்த்துக் கற்கப் பழைய வீடும் இல்லை. 1879இல் நியூயார்க்கிலிருந்து ‘கார்ப்பென்ட்ரி அண்டு பில்டிங்’ மாத இதழ் வெளிவந்தபோது அது நிரப்பியது இந்த வெற்றிடத்தைத்தான். வீட்டு வரைபடங்களும் செலவுக் கணக்குகளும் அதில் இருந்தன. ஆனால் அதன் உயிர் கடிதப் பகுதியில் இருந்தது. ஓர் ஊரிலிருந்து ஒரு தச்சர் கேள்வி எழுதுவார். அடுத்த மாதம் வேறு மூலைகளிலிருந்து பதில்கள் வரும். அவற்றில் ஒரு பதிலின் பிழையை இன்னொருவர் திருத்துவார்.

அந்தக் கடிதங்களில் ஓயாமல் வந்த பொருள் கூரையும் எஃகு மூலைமட்டமும். கைமரத்தின் நீளத்தை மூலைமட்டத்திலேயே கணக்கிடும் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். கூரையின் வாட்டம் 12 அங்குலத்துக்கு 8 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். மூலைமட்டத்தின் ஒரு கரத்தில் 12, மறுகரத்தில் 8. இரண்டுக்கும் இடையிலான சாய்வு 14.42 அங்குலம். கூரை கிடைமட்டமாக ஓர் அடி போனால் கைமரம் அவ்வளவு நீளும். பத்து அடிக்குப் பத்து முறை மட்டத்தை மரத்தின்மேல் நகர்த்தினால் நீளமும் வந்துவிடும், மேல் வெட்டும் கீழ் வெட்டும் வந்துவிடும், பெருக்கலே தேவையில்லை. இரண்டு கூரைகள் சந்திக்கும் மூலைக் கைமரம் சதுரத்தின் மூலைவிட்டத்தில் போவதால் 12க்குப் பதிலாக 17 எடுக்க வேண்டும். சரியான கணக்கு 16.97, அந்த மயிரிழை வித்தியாசம் ரம்பத்தின் வாய் அகலத்துக்குள் மறைந்துவிடும். இப்படிப்பட்ட சூத்திரங்கள் பள்ளிக் கணக்கு அறியாத ஒருவரைத் தன் காலில் நிற்க வைத்தன. கைமர நீளங்களின் பட்டியலை மட்டத்தின் இரும்பிலேயே பொறித்து விற்கும் அளவுக்கு இந்த அறிவு பொதுவானது.

இதே ஆண்டுகளில் இன்னொரு செய்தியும் உண்டு. 1881 மே மாதம் பீட்டர் மக்வயர் என்ற தச்சர் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து ‘தி கார்ப்பென்டர்’ என்ற இதழைத் தொடங்கினார். நாடெங்கும் உள்ள தச்சர்கள் ஒன்றுகூட வேண்டும் என்று அது அழைத்தது. ஆகஸ்டில் சிகாகோவில் 36 பேர் கூடினார்கள். அமெரிக்கத் தச்சர்களின் பெரிய தொழிற்சங்கம் அங்கே பிறந்தது. சங்கம் தனக்கொரு பத்திரிகை நடத்துவது வழக்கம். இங்கே பத்திரிகை முன்னால் வந்தது, சங்கம் அதன் பின்னால் வந்தது. குடியேறிய ஜெர்மானியத் தச்சர்களுக்காக அந்த இதழ் ஜெர்மன் மொழியிலும் பக்கங்கள் அச்சிட்டது. சிதறிக் கிடந்த ஒரு தொழிலுக்குத் தான் ஒரு தொழில் என்ற உணர்வையே அச்சு கொடுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆனால் கைமரத்தின் பிழை அன்றைக்கே தெரியும் பிழை. நீளம் தவறினால் மரம் முகட்டில் உட்காராது. அதைத் திருத்தப் பத்திரிகை உதவும். பத்திரிகை இல்லாவிட்டாலும் அந்த மரமே சொல்லிவிடும். பத்திரிகைக்கு உண்மையான சோதனை தாமதமாகத் தெரியும் பிழைகளில்தான் வந்தது. 1930களில் அமெரிக்காவின் குளிர்ப் பிரதேசங்களில் வீட்டுச் சுவர்களுக்குள் வெப்பம் காக்கும் பஞ்சை அடைக்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நாளில் அந்த வீடுகளின் வெளிப்புற வண்ணம் கொப்புளம் கொப்புளமாக உரிந்தது. வீட்டுக்காரர் வண்ணம் அடித்தவரைக் குற்றம் சொன்னார். வண்ணக்காரர் பஞ்சு தண்ணீரை இழுக்கிறது என்றார். பஞ்சு விற்றவர் வண்ணத்தின் தரத்தைச் சந்தேகித்தார். நடந்தது இதுதான்: பஞ்சு வீட்டின் வெப்பத்தை உள்ளேயே நிறுத்திவிட்டதால் வெளிப்பலகை முன்னைவிடக் குளிர்ந்தது. சமையல், குளியல், மனிதர் மூச்சு ஆகியவற்றின் ஈரம் சுவர் வழியே வெளியேறும்போது அந்தக் குளிர்ந்த பலகையின் பின்பக்கத்தில் வியர்த்தது. பலகை பின்னாலிருந்து நனைந்தது. வண்ணம் முன்னால் உரிந்தது. மாடிசனில் இருந்த அரசு மர ஆய்வுக்கூடமும் மினசோட்டா பல்கலைக்கழகமும் இதை ஆராய்ந்தன. சுவரின் வெப்பமான பக்கத்தில் ஈரத்தைத் தடுக்கும் தாள் வேண்டும் என்ற விதி பிறந்தது. அந்த விதியை 1938இல் ‘ஆர்க்கிடெக்சுரல் ரெக்கார்ட்’ கட்டுரை ஒன்று படங்களோடு விளக்கி, கட்டடக் கலைஞரிடமும் கட்டுநரிடமும் கொண்டு சேர்த்தது.

இந்த நிகழ்ச்சி என் வாதத்துக்கு உதவும் அளவுக்கு அதைச் சங்கடப்படுத்தவும் செய்கிறது. ஏனென்றால் அந்த விதி பாதியளவே சரி. ஈரம் சுவரின் பொருளை ஊடுருவிப் போவதைவிட, சிறு இடுக்குகள் வழியே காற்றோடு சேர்ந்து போவதே பெரும்பாலும் மிக அதிகம். இதைக் கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தின் கட்டட ஆய்வுப் பிரிவு 1960 முதல் வெளியிட்ட சிறு வெளியீடுகள் எடுத்துச் சொல்லத் தொடங்கின. மேலும் ‘வெப்பமான பக்கம்’ எல்லா ஊரிலும் உட்பக்கம் அல்ல. சென்னையில் குளிர்சாதனம் ஓடும் அறையின் சன்னல் கண்ணாடி வெளிப்பக்கம் வியர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். அமெரிக்காவின் தென்கடலோரத்திலும் அப்படித்தான். அங்கே குளிர்சாதன அறைகளின் உட்சுவரில் ஈரம் புகாத வினைல் தாளை ஒட்டியபோது, வெளியிலிருந்து வந்த ஈரம் தாளின் பின்னால் சிக்கிப் பூஞ்சை பிடித்தது. வடக்கின் குளிருக்குப் பிறந்த பாதி விதியை அச்சுதான் நாடெங்கும் பரப்பியது என்று ஒருவர் குற்றம் சாட்டினால் மறுக்க முடியாது. அச்சு உண்மையைப் போலவே பிழையையும் வேகமாகக் கொண்டுபோகும். ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. வாயால் பரவிய பிழைக்குத் தேதியும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது; அதை எங்கே பிடித்துத் திருத்துவது? அச்சான பிழையை இன்ன ஆண்டு, இன்ன பக்கம், இன்ன படம் என்று சுட்டி, எந்தச் சூழலுக்கு அது பொருந்தாது என்று எழுத முடியும். அந்தத் திருத்தம் பல பத்தாண்டுகள் பிந்தியது உண்மை. அப்படி ஒரு திருத்தத்துக்கு வழி இருந்ததும் உண்மை.

1970களின் எரிபொருள் நெருக்கடிக்குப் பின் வீடுகள் இன்னும் இறுக்கமாயின, பொருள்கள் இன்னும் வேகமாக மாறின. அடுத்த பத்தாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இரண்டு பத்திரிகைகள் எழுந்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கனெக்டிகட்டின் நியூடவுனிலிருந்து 1981இல் ‘ஃபைன் ஹோம்பில்டிங்’ வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு ‘நியூ இங்கிலாந்து பில்டர்’ தொடங்கியது. பின்னாளில் அதுவே ‘ஜர்னல் ஆஃப் லைட் கன்ஸ்ட்ரக்‌ஷன்’ ஆயிற்று. இரண்டிலும் எழுதியவர்களில் பெரும்பாலோர் வேலை செய்பவர்கள். ஆசிரியர் கேமராவோடு வேலை நடக்கும் இடத்துக்குப் போவார், தச்சர் செய்து காட்டுவார், அது கட்டுரையாகும். போருக்குப் பிந்தைய கலிபோர்னியாவில் வரிசை வரிசையாக வீடுகள் எழுந்தபோது அங்கே சட்டம் நிறுத்திய லாரி ஹான், ஆணியை ஓரிரு அடியில் இறக்கும் அந்த வேகத்தின் முறையை எழுத்தில் வைத்தது இப்படித்தான். அவருடைய ‘தி வெரி எஃபிஷியன்ட் கார்ப்பென்டர்’ நூல் 1992இல் வந்தது. நாற்பது வருடம் கையில் மட்டும் இருந்த ஒன்று அப்போதுதான் தாளுக்கு வந்தது.

இந்தப் பத்திரிகைகளின் காலத்தில் நிகழ்ந்த மூன்று தோல்விகளைப் பார்த்தால், பிழைக்கும் கண்ணுக்கும் இடையிலான தூரம் எவ்வளவு என்பது விளங்கும். முதலாவது, தெர்மோகோல் பலகையைச் சுவரில் ஒட்டி அதன்மேல் மெல்லிய செயற்கைப் பூச்சு பூசும் முறை. ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில், போருக்குப் பின் செங்கல் சுவர்மேல் அதைப் பூசினார்கள், நன்றாகவே இருந்தது. கொஞ்சம் தண்ணீர் பின்னால் போனாலும் செங்கல் குடித்துவிட்டுப் பிறகு உலர்ந்துவிடும். அதே பூச்சு அமெரிக்காவில் மரச் சட்டமும் மரப்பலகையும் கொண்ட சுவர்மேல் ஏறியது. சன்னல் மூலையில் புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் மரத்திலேயே தங்கியது. 1995இல் வட கரோலினாவின் கடலோர நகரமான வில்மிங்டனில் வீடு வீடாகச் சுவரைச் சோதித்தபோது ஈரமும் அழுகலும் பரவலாக இருப்பது தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் புது வீடு. பூசியவர்கள் தங்கள் வேலையை ஒழுங்காகவே செய்திருந்தார்கள். பூச்சில் விரிசல்கூட இல்லாத இடங்களில் உள்ளே மரம் கருத்திருந்தது. சுவரும் கூரை ஓரமும் சந்திக்கும் முனையில் தண்ணீரை வெளியே தள்ளிவிடும் ஓர் உள்ளங்கை அளவுத் தகடு இருந்திருந்தால் பல சுவர்கள் தப்பியிருக்கும். அந்தத் தகட்டை எப்படி மடிப்பது, கூரை ஓட்டின் எந்த வரிசையில் செருகுவது என்று பழுது பார்த்தவர்கள் படம் போட்டுப் பத்திரிகைகளில் எழுதினார்கள். பின்னாளில் அது கட்டட விதிநூலிலும் ஏறியது.

இரண்டாவது, வான்கூவர். 1980களிலும் 90களிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடலோரத்தில் கட்டிய அடுக்குமாடி வீடுகள் மழைக்கு ஒழுகி அழுகின. மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் 1998இல் விசாரணை ஆணையம் அமைந்தது. அதே ஆண்டில் வீட்டு உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் வந்து, கட்டுநருக்கு உரிமமும் வீட்டுக்கு உத்தரவாதமும் கட்டாயமாயின. நீர் புகுந்த இடங்கள் பெரும்பாலும் பொருள்கள் சந்திக்கும் மூட்டுகள்: சன்னலும் சுவரும், பால்கனியும் சுவரும். எந்தப் பொருளும் தனியாகக் கெட்டதல்ல. சன்னல்காரர் சன்னலைச் சரியாக வைத்தார், பூச்சுக்காரர் பூச்சைச் சரியாகப் பூசினார். இருவருக்கும் இடையிலிருந்த அரை அங்குலத்துக்கு யாரும் பொறுப்பில்லை. எந்தக் குருவும் அந்த அரை அங்குலத்தைக் கற்றுத்தர முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு குருவுக்கும் ஒரு தொழில்தான் தெரியும். எல்லாத் தொழில்காரரும் புரட்டும் ஒரு பத்திரிகையில்தான் அதற்கு இடம் இருந்தது.

மூன்றாவது, வீட்டின் பின்புறம் மரத்தால் கட்டும் திறந்த தளமான டெக். அதன் ஒரு விளிம்பு வீட்டுச் சுவரில் பதித்த ஒரு பலகையில் தொங்கும். தளம் சுவரிலிருந்து 12 அடி வெளியே நீள்கிறது, சதுர அடிக்கு 50 பவுண்டு பாரம் என்று வைத்தால், பாதிப் பாரம் அந்தப் பலகைக்கு வரும்: ஓரடி நீளத்துக்கு 300 பவுண்டு. விருந்து நாளில் தளம் நிறைய ஆள் நிற்கும்போது அந்தப் பலகையைச் சுவரில் பிடித்திருப்பது பல இடங்களில் வெறும் ஆணி. அமெரிக்காவின் பொது வீட்டு விதிநூல் பிடுங்கிக்கொள்ளக்கூடிய ஆணியை மட்டும் நம்பக் கூடாது என்று சொன்னது. ஆனால் எத்தனை போல்ட், எத்தனை அங்குல இடைவெளி என்று அதில் இல்லை. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அந்த மூட்டை ஆய்வுக்கூடத்தில் உடைத்துப் பார்த்து, 2004இல் ‘ஜர்னல் ஆஃப் லைட் கன்ஸ்ட்ரக்‌ஷனில்’ அளவுப் பட்டியலோடு வெளியிட்டார்கள். விதிநூல் அப்படியொரு பட்டியலை ஏற்றது அதற்குப் பிறகுதான். 2003 ஜூன் 29 அன்று சிகாகோவில் ஒரு பின்கட்டுத் தளம் விருந்தின்போது சரிந்து 13 இளைஞர்கள் இறந்திருந்தார்கள். இந்த ஆண்டுகளின் வரிசையைப் பார்க்கும்போது அந்தப் பட்டியல் வெறும் எண்ணாகத் தெரியவில்லை.

இதே டெக்கில் பொருள் மாறியதன் கதையும் ஒளிந்திருக்கிறது. கரையான் அரிக்காமல் இருக்க மரத்தில் ஏற்றிய ஆர்சனிக் கலந்த மருந்தை 2003 டிசம்பர் 31உடன் வீட்டு உபயோகத்திலிருந்து விலக்கினார்கள். அதற்குப் பதிலாக வந்த மருந்தில் செம்பு கூடுதல். செம்பு கூடிய ஈர மரம் சாதாரண ஜி.ஐ. ஆணியை விரைவாகத் தின்றது; அலுமினியத் தகட்டையும் அரித்தது. முப்பது வருடமாக அந்தப் பலகைக்கு மேல் அலுமினியத் தகடு வைத்துப் பழகிய ஒரு நல்ல தச்சர் 2004 சனவரியிலும் அதையே வைத்திருப்பார். புது மருந்து ஏறிய பச்சை நிற மரம் பார்வைக்கு முந்தையதைப் போலவே இருந்தது. இங்கே அனுபவம்தான் ஆபத்து. கனமான துத்தநாகப் பூச்சுள்ள ஆணியோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ வேண்டும் என்ற செய்தி அவருக்குக் கையாலும் வராது, குருவாலும் வராது.

இனி மறுப்புகளுக்கு வருவோம். கைவேலையை எழுத்தால் கற்றுத்தர முடியாது என்பது பழைய மறுப்பு. மாக்ஸனே தன் முன்னுரையில் கையின் திறமை பழக்கத்தால்தான் வரும் என்று ஒத்துக்கொள்கிறார். அது முழுக்கச் சரி. இழைப்புளியை எந்தச் சாய்வில் தள்ளுவது என்று படித்து யாரும் இழைக்கக் கற்றதில்லை. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைத் தொடவில்லை. பத்திரிகை கைக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. கை எட்டாத காலத்தை அது எட்டுகிறது என்கிறேன். அலுமினியத் தகட்டை விடு என்று தெரிந்துகொள்ள விரல் பழக்கம் வேண்டாம், செய்தி வேண்டும்.

விதிநூலும் மேற்பார்வையாளரும் இருக்கும்போது பத்திரிகை எதற்கு என்ற கேள்வி இன்னும் வலுவானது. விதி கட்டாயப்படுத்தும், பத்திரிகை வெறுமனே சொல்லும். ஆனால் மேலே கண்ட மூன்றிலும் வரிசை ஒன்றுதான்: சுவர் அழுகியது, பழுது பார்த்தவர் கண்டார், எழுத்தில் வந்தது, பிறகு விதியானது. விதி அந்த வரிசையின் கடைசிப் படி. அதற்கு முந்தைய வருடங்களில் கட்டிய வீடுகளுக்கு விதியால் பயனில்லை. தவிர விதி ‘செய்’ என்று சொல்லும், காரணத்தைப் பெரும்பாலும் சொல்லாது. காரணம் அறியாத தச்சர் தகட்டை வைப்பார், ஆனால் தண்ணீர் அதன் பின்னால் போகும் விதத்தில் தலைகீழாக வைப்பார்.

விளம்பரம் பற்றிய மறுப்புக்கு நான் எளிதான பதில் வைத்திருக்கவில்லை. பொருள் விற்பவரின் பணத்தில் நடக்கும் இதழ், பொருளின் குறையை எவ்வளவு உரக்கச் சொல்லும்? ‘கார்ப்பென்ட்ரி அண்டு பில்டிங்’ இதழை நடத்திய பதிப்பாளரே இரும்பு வணிகத்துக்கான ‘தி அயர்ன் ஏஜ்’ பத்திரிகையையும் நடத்தினார். இந்த உறவு தொடக்கத்திலிருந்தே உண்டு. புதுப் பொருளைப் புகழும் கட்டுரையும் அதன் தோல்வியைக் காட்டும் கட்டுரையும் ஒரே இதழில் சில வருட இடைவெளியில் வரும் துறை இது. இதைச் சமன்செய்வது ஆசிரியரின் நேர்மை மட்டும் அல்ல, எழுதுபவர் யார் என்பதுதான். பழுது பார்த்துப் பிழைப்பவருக்குக் குறையை மறைப்பதில் லாபம் எதுவும் இல்லை. அவருக்குப் பக்கம் ஒதுக்கிய இதழ் விளம்பரத்தையும் தாங்கிக்கொண்டது. ஒதுக்காத இதழ் விலைப்பட்டியலாகச் சுருங்கியது.

இன்னொரு சரிவும் உண்டு. அதைப் பற்றிப் போதிய அளவு பேசப்படுவதில்லை. லண்டனில் ஜோசப் ஹான்சம் 1843இல் தொடங்கிய ‘தி பில்டர்’ வார இதழ் கட்டடத் தொழிலோடு சேர்ந்த எல்லாரையும், கைவேலைக்காரர் உட்பட, வாசகராக எண்ணித் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆசிரியரான ஜார்ஜ் காட்வின் சுமார் நாற்பது வருடம் அதை நடத்தினார். சுகாதாரம், ஏழைகளின் குடியிருப்பு பற்றி அதில் அவர் எழுதியவை பெருமைக்குரியவை. ஆனால் காலப்போக்கில் அது கட்டடக் கலைஞரின் மேசைக்கு ஏறிவிட்டது. தொழில் பத்திரிகைகள் மேல்நோக்கி நகர்வது பொதுவான போக்கு. விளம்பரதாரருக்கு வாங்கும் அதிகாரம் உள்ள வாசகர் வேண்டும். அந்த அதிகாரம் உளி பிடிப்பவரிடம் இல்லை. மொழியும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. இன்றைய அமெரிக்கக் கட்டுமானத்தில் பெரும் பங்கு உழைப்பு ஸ்பானிஷ் பேசுபவர்களுடையது. அன்று ஜெர்மன் பக்கங்கள் அச்சிட்ட மக்வயருக்கு யாரிடம் பேசுகிறோம் என்பது தெரிந்திருந்தது.

தமிழ்நாட்டில் மர வீடு அரிது. ஆனால் பத்தாண்டு கழித்துத் திறக்கும் சுவர் இங்கும் உண்டு. கடலோர ஊர்களில் இருபது, முப்பது வருடத்துக்கு முன் கட்டிய வீடுகளின் சன்ஷேடு அடியில் பூச்சு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிவது அன்றாடக் காட்சி. கம்பி துருப்பிடித்தால் உப்பும். உப்பினால் கான்கிரீட்டைப் பிளக்கும். கடுமை குறைந்த சூழலுக்குக்கூடக் கம்பிக்கு மேல் பொதுவாக 20 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும் என்று இந்தியத் தர விதி சொல்கிறது; கடற்காற்றுக்கு அது போதாது. அதைக் கொத்திச் சரிசெய்யும் கொத்தனாருக்குக் காரணம் தெளிவாகத் தெரியும். கவர் கட்டை வைக்காமல் கம்பியைச் சென்டரிங் பலகைமேலேயே படுக்கவிட்டிருக்கிறார்கள் என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார். வீட்டுக்காரரிடம் சொல்வார், கம்பியைத் தேய்த்து மருந்தடித்துப் பூசி, கூலி வாங்கிக்கொண்டு போவார். அதே தெருவில் அடுத்த மனையில் புதிதாகக் கம்பி கட்டுபவரின் காதுக்கு அது போகாது. அந்தக் கொத்தனார் சொன்னதை எழுதிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பெயர்ந்த இடத்தின் ஒரு படம், கம்பிக்கும் வெளி முகத்துக்கும் இடையே அளவு நாடா காட்டிய தூரம், கட்டிய ஆண்டு, கடலிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்த மணல், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வடிந்தது, கடைசியாக அவரே பென்சிலால் போட்டுக் காட்டும் கோட்டுப் படம்: இரண்டு பக்கம் போதும்.